பச்சைக் காய்கறியும் பட்டணத்துச் சாக்கடையும்

வெள்ளரி, காரட், தக்காளி, வெங்காயம், முட்டைக்கோஸ் ஆகியவற்றைப் பச்சையாக நறுக்கி, எலுமிச்சம்பழச் சாறு பிழிந்து, டப்பாவில் அடைத்து விற்கும் 'சாலட்' என்னும் பண்டம் இன்று சென்னைக்கு மட்டும் உரியதன்று. சென்னையிலிருந்து சேலம் செல்லும் நெடுஞ்சாலையில் உளுந்தூர்ப்பேட்டை, தியாகதுருகம், கள்ளக்குறிச்சி, சின்னசேலம் என்று வரும் ஊர்களில் கீறிய வெள்ளரிப் பிஞ்சும் நறுக்கிய பப்பாளியும் வெகுகாலமாக விலையாகி வருகின்றன. அவற்றின் பின்னே சாலட்டும் வந்து சேர்ந்திருக்கிறது. இதைப்பற்றி ஒரு தினசரியின் தலையங்கப் பக்கத்தில் எழுத என்ன இருக்கிறது என்று வாசகர்கள் வினவலாம். இருக்கிறது. அடுப்பில் ஏறாமல் நேரே வாயில் புகும் இவ்வுணவு, நமது ஊர்ச் சாக்கடை எங்கே போய் விழுகிறது, மருந்துக் கடையில் எது எப்படி விற்கப்படுகிறது, கோழிப் பண்ணையில் என்ன தீனி போடப்படுகிறது, சர்க்கார் எதைப் பரிசோதிக்கிறது, எதைப் பரிசோதிக்காமல் விட்டுவிடுகிறது என்ற விஷயங்களுக்கெல்லாம் சாட்சியாக நிற்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். பச்சைக் காய்கறி உண்பதை நாம் குறை கூற வரவில்லை. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நமது தேசத்தில் நீரிழிவுக்காரர் தொகையைப் பத்துக் கோடிக்கு மேல் என்று மதிப்பிட்டது. சோற்றைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டு என்று வைத்தியர் இவர்களுக்குச் சொல்வது சரியான புத்திமதியே. நமது விருந்துகளில் கோசுமல்லியும் வெள்ளரிப் பச்சடியும் இல்லாமலில்லை. ஆனால் அவை வீட்டில் நறுக்கிய சூட்டோடு இலையில் விழுந்தவை. காலையில் அரிந்து மாலை வரை டப்பாவில் காத்துக் கிடந்தவையல்ல. காய்கறியின் தோல் அதற்கு ஒரு கோட்டை மதில் போன்றது. கத்தி பட்டவுடன் மதில் இடிகிறது; உள்ளிருக்கும் சாறு வெளிவருகிறது; அந்தச் சாறு நமக்கு எவ்வளவு இனிதோ அவ்வளவு இனிது நுண்கிருமிகளுக்கும். ஈ. கோலை என்னும் குடற்கிருமி, தகுந்த சூடும் ஈரமும் கிடைத்தால் சுமார் 20 நிமிஷத்துக்கு ஒருமுறை இரட்டிக்கவல்லது. சித்திரை மாத வெயிலில் பஸ் நிலையத்தில் இருக்கும் டப்பாவுக்குச் சூட்டிற்கும் குறைவில்லை, ஈரத்திற்கும் குறைவில்லை. குளிர்பெட்டியில் வைத்தால் எல்லாம் அடங்கிவிடும் என்பதும் முழு உண்மையன்று. லிஸ்டீரியா என்ற கிருமி அந்தக் குளிரிலும் மெல்ல வளரும்.

இதனால் வரும் வயிற்றுப்போக்கும் டைபாய்டும் யாவரும் அறிந்தவை. இவற்றைக் காட்டிலும் பெரியதாக நாம் கருதுவது வேறொன்று. அது உண்டவனுக்கு அன்றைக்குத் தெரியாது.

ஆன்டிபயாடிக் என்ற கிருமிக்கொல்லி மருந்துகளை எதிர்த்து நிற்கும் வல்லமை சில கிருமிகளுக்கு உண்டாகிறது. அவ்வல்லமையை ஒரு கிருமி தன் சந்ததிக்குக் கொடுப்பதோடு நிற்பதில்லை. பிளாஸ்மிட் எனப்படும் சின்னஞ்சிறு மரபணு வளையமாக அதைப் பக்கத்திலிருக்கும் வேறு ஜாதிக் கிருமிக்கும் கைமாற்றிக் கொடுக்கிறது. ஆகவே டப்பாவிலுள்ள கிருமி நோய் உண்டாக்கும் கிருமியாகவே இருக்கவேண்டுமென்பதில்லை. தனக்குள் எதிர்ப்பு வளையத்தை வைத்துக்கொண்டிருக்கும் ஒரு சாது கிருமி வெள்ளரித் துண்டோடு வயிற்றுக்குள் போய், அங்கே குடியிருக்கும் கிருமிகளிடம் அதை ஒப்படைத்துவிட்டு மறைந்தாலும் காரியம் முடிந்துவிடுகிறது. உண்டவர் அன்று நன்றாகத் தூங்குவார். ஆறு மாதம் கழித்து அவருக்கு நீர்க்கடுப்பும் ஜுரமும் வரும், அல்லது ஏதோ ஒரு சத்திர சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் படுப்பார். அப்போது வைத்தியர் கொடுக்கும் மருந்து பலிக்காது. இரண்டாவது மருந்தும் பலிக்காது. நீரிழிவுக்காரர்களுக்கு நீர்த்தாரையில் கிருமி பற்றுவது மற்றவர்களைவிட அதிகம். வைத்தியர் சொன்னபடி பச்சைக் காய்கறி தின்றவரே அதன் பயனாக வைத்தியருடைய மருந்து பலிக்காதவராகிறார் என்றால் அந்தக் கொடுமைக்கு என்ன பெயர் இடுவது? அது எந்த வெள்ளரித் துண்டினால் வந்தது என்று எந்தக் கோர்ட்டிலும் நிரூபிக்கவும் முடியாது. குற்றவாளி அகப்படாத குற்றம் இது.

நன்றாகக் கழுவித் தின்றால் போதாதா என்று கேட்பார்கள். கழுவத்தான் வேண்டும், ஓடும் நீரில் தேய்த்துக் கழுவினால் கிருமிகளில் பெரும்பகுதி போய்விடும். ஆனால் இலையின் நுண்துளைகளிலும் வெட்டுவாயிலும் ஒண்டிக்கொண்டவை போவதில்லை. உப்பும் மஞ்சளும் கரைத்த நீரில் முக்கிவிட்டால் எல்லாம் செத்துவிடும் என்று நம் வீடுகளில் இருக்கும் நம்பிக்கைக்கு அவ்வளவு பலம் கிடையாது. அன்றியும், ஒரே வாளித் தண்ணீரில் காலை முதல் மாலை வரை நூறு வெள்ளரியைக் கழுவினால், முதல் வெள்ளரியின் அழுக்கு நூறாவது வெள்ளரிக்கும் பங்கிட்டுக் கொடுக்கப்படுகிறது. கொதிக்கும் குழம்பு கிருமியைக் கொல்லும். வாளித் தண்ணீர் கொல்லாது.

ஆகவே, கேள்வி வாளியோடு முடிவதில்லை. காய்கறி வாளிக்கு வருமுன் எங்கே வளர்ந்தது, எந்த நீரைக் குடித்தது, எந்த எருவைத் தின்றது என்று பின்னோக்கிப் போகவேண்டியிருக்கிறது. அப்படிப் போகும்போது நமது சென்னை நகரமே வழியில் குறுக்கிடுகிறது.

2010-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் லான்செட் குழுவைச் சேர்ந்த தொற்றுநோய்ச் சஞ்சிகையில் ஒரு கட்டுரை வந்தது. அதை எழுதியவர்களில் முதல்வர் சென்னை சர்வகலாசாலையின் ஆராய்ச்சியாளர் கார்த்திகேயன் குமாரசாமி. மற்றவர்களில் பிரிட்டனைச் சேர்ந்த திமோத்தி வால்ஷ் ஒருவர். கார்பாபெனம் என்ற உயர்ந்த மருந்துகளையும் அழித்துவிடும் ஒரு நொதியை உண்டாக்கும் மரபணுவைச் சென்னையில் கிடைத்த 44 கிருமி மாதிரிகளிலும், ஹரியானாவில் 26-லும், பிரிட்டனில் 37-லும் கண்டதாக அது தெரிவித்தது. அந்நொதிக்கு அதற்கு முந்திய வருஷமே 'நியூ டெல்லி' என்ற பெயர் சூட்டப்பட்டிருந்தது. புது டில்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஸ்வீடன் நாட்டு நோயாளி ஒருவரிடம் அது முதலில் கண்டறியப்பட்டதே காரணம்.

அப்போது எழுந்த கூக்குரல் வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். நமது தலைநகரின் பெயரை ஒரு கிருமியின் நொதிக்கு வைப்பதா? நமது ஆஸ்பத்திரிகளுக்கு அன்னிய தேசத்து நோயாளிகள் வருவதைக் கெடுக்கச் செய்த சூழ்ச்சியா? பார்லிமெண்டில் பேச்சு, சர்க்காரின் மறுப்பு, பத்திரிகைகளில் சீற்றம். ஊர்ப் பெயரை நோயோடு சேர்ப்பது நல்ல வழக்கமல்ல என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பெயரின்மேல் வந்த கோபத்தில் பத்தில் ஒரு பங்கு அந்தக் கிருமியின்மேல் வந்திருக்குமானால் தேசத்துக்கு எவ்வளவு நன்மை விளைந்திருக்கும்! மறு வருஷம், 2011-ல், வால்ஷ் குழுவினர் டில்லி நகரில் தெருவில் தேங்கி நின்ற நீரிலும் குழாய் நீரிலும் மாதிரி எடுத்துச் சோதித்து முடிவை வெளியிட்டனர். தேங்கிய நீர் மாதிரிகள் 171-ல் 51-லும், குடிநீர் மாதிரிகள் 50-ல் 2-லும் அதே மரபணு இருந்தது. ஆஸ்பத்திரிக்குள் அடைபட்டிருப்பதாக நாம் எண்ணிய பகைவன் தெருவில் உலாவிக்கொண்டிருந்தான். அப்போதும் சர்க்கார் மறுப்பில்தான் முந்தியது. அவமானம் பெயரில் இருக்கிறதா, குழாய்த் தண்ணீரில் இருக்கிறதா? தேசாபிமானம் என்பது கெட்ட செய்தியைக் கொண்டு வந்தவனை ஏசுவதில் அடங்கிவிடுமானால், அத்தகைய தேசாபிமானத்தால் ஒரு சாக்கடைகூடச் சுத்தமாகாது.

வைத்தியர்கள் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2012 ஆகஸ்டில் பல வைத்திய சங்கங்களின் பிரதிநிதிகள் சென்னையில் கூடி, தேசத்திற்கு ஒரு மருந்துக் கொள்கை வேண்டுமென்று பிரகடனம் செய்தனர். டாக்டர் அப்துல் கபூர் அம்முயற்சியை முன்னின்று நடத்தியவர். 'சென்னைப் பிரகடனம்' என்ற பெயர் உலக வைத்தியப் பத்திரிகைகளில் ஏறிற்று. கிருமிக்கு ஓர் இந்திய நகரின் பெயர் என்றால், அதை எதிர்க்கும் முயற்சிக்கும் ஓர் இந்திய நகரின் பெயர். அடுத்த வருஷம் மத்திய சர்க்கார் 'எச்-1' என்ற அட்டவணையை வகுத்தது. 2014 மார்ச்சிலிருந்து அது அமலுக்கு வந்தது. அதிலுள்ள 46 மருந்துகளை வைத்தியர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது. விற்றதைத் தனிப் புத்தகத்தில் எழுதி வைக்கவேண்டும். சட்டம் நல்ல சட்டம். அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்க்கும் உத்தியோகஸ்தர் எங்கள் ஊருக்குக் கடைசியாக எப்போது வந்தார் என்று ஒவ்வோர் ஊர் வாசகரும் விசாரித்துப் பார்க்கட்டும்.

ஆனால் மருந்து உலாவுவது மனிதர் வாயில் மட்டுமன்று. இங்கேதான் உணவின் சங்கதி வருகிறது. கொலிஸ்டின் என்று ஒரு மருந்து உண்டு. சிறுநீரகத்தைக் கெடுக்கும் குணமுடையதால் 1970-களில் வைத்தியர்கள் பெரும்பாலும் கைவிட்ட மருந்து அது. மற்ற மருந்துகள் தோற்ற பிறகு, வேறு வழியில்லாமல் அதையே கடைசி ஆயுதமாக மீண்டும் எடுத்துக்கொண்டார்கள். கடைசி ஆயுதத்தை யாராவது அன்றாடம் ஆடுமாடு விரட்டப் பயன்படுத்துவார்களா? பயன்படுத்தினார்கள். கோழி சீக்கிரம் கொழுக்கவேண்டுமென்று அதைத் தீனியில் கலந்தார்கள். அதை எதிர்க்கும் பிளாஸ்மிட் மரபணு ஒன்று 2015-ல் சீன தேசத்தில் கண்டறியப்பட்டு உலகம் திடுக்கிட்ட பிறகும் நமது தேசத்தில் அந்த வழக்கம் நடந்தது. பிறகு டாக்டர் கபூரும் அவருடைய சகாக்களும் சென்னையில் உணவுப் பண்டங்களின் மாதிரிகளைச் சேகரித்துச் சோதித்தார்கள். 2019-ல் வெளியான அம்முடிவின்படி, அம்மாதிரிகளில் சற்றேறக்குறைய பாதியில் கொலிஸ்டினுக்கு அடங்காத கிருமிகள் இருந்தன. மாமிசத்திலும் மீனிலும் மட்டுமல்ல, பழத்திலும் காய்கறியிலும் இருந்தன. பழமும் காய்கறியும் கோழித் தீனி தின்றனவா? இல்லை. கோழி தின்றதன் மிச்சம் எருவாகி, நீராகி, மண்ணாகி அவற்றை அடைந்திருக்க வேண்டும். அல்லது சந்தையில் கையும் கத்தியும் கொண்டுபோய்ச் சேர்த்திருக்க வேண்டும். அந்த வருஷம் ஜூலை 19-ந் தேதி உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதை மத்திய சர்க்கார் தடை செய்தது. தடை வந்தது நல்லது. அது வருவதற்குள் எத்தனை வண்டி எரு எத்தனை வயலில் கொட்டப்பட்டது என்பதற்குக் கணக்கு கிடையாது.

வயலிலேயே நேராகத் தெளிக்கப்படும் மருந்தும் உண்டு. நெற்பயிரின் பாக்டீரியா இலைக்கருகலுக்கு ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் கலந்த பொடியைத் தெளிப்பது விவசாயிகள் அறிந்த வழக்கம். ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய்க்கென்று உலகம் கண்ட முதல் மருந்து என்பதை நினைக்கும்போது மனம் பதறுகிறது. இவ்வழக்கத்தைப் படிப்படியாக நிறுத்த மத்திய விவசாய இலாகா 2021 டிசம்பரில் ஒரு வரைவு உத்தரவை வெளியிட்டது.

இனி அன்னிய தேசங்களின் அநுபவத்தைச் சிறிது பார்ப்போம். ஏனெனில் இது ஏழை நாட்டு நோய் என்று இகழ்வாரும் உண்டு, ஏழை நாட்டால் தீர்க்க முடியாது என்று கைவிரிப்பாரும் உண்டு. இருவருக்கும் விடை இருக்கிறது.

2011-ம் வருஷம் மே, ஜூன் மாதங்களில் ஜெர்மனியில் ரத்தப்போக்கு நோய் ஒன்று பரவிற்று. 3,800-க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். 53 பேர் இறந்தனர். நூற்றுக்கணக்கானோருக்குச் சிறுநீரகம் பழுதாயிற்று. முதலில் ஸ்பெயின் தேசத்து வெள்ளரிக்காய்மேல் பழி விழுந்து, அத்தேசத்து விவசாயிகளின் விளைபொருள் குப்பையில் கொட்டப்பட்டது. பிறகு உண்மை வெளிவந்தது. குற்றவாளி, சாலட்டில் தூவித் தின்ற வெந்தய முளை! எகிப்திலிருந்து 2009-ல் இறக்குமதியான வெந்தய விதைமேல் சந்தேகம் போய் நின்றது. நமது வீடுகளில் தோசை மாவில் அரைபடும் அதே வெந்தயம். அந்த ஈ. கோலைக் கிருமி பல கிருமிக்கொல்லி மருந்துகளுக்கு அடங்காததாகவும் இருந்தது. ஐரோப்பாவின் செல்வத்திலும் விஞ்ஞானத்திலும் முன் நிற்கும் தேசத்திலேயே இப்படி ஆயிற்று. ஆனால் அத்தேசம் வாரக்கணக்கில் மூலத்தைத் துருவிக் கண்டுபிடித்தது என்பதையும் கவனிக்க வேண்டும். நமது ஜில்லா ஒன்றில் நாளை அவ்விதம் நேர்ந்தால், எந்தக் காய், எந்த வயல், எந்தக் கிணறு என்று துருவிச் சொல்ல யார் இருக்கிறார்?

இரண்டாவது உதாரணம் தென் அமெரிக்காவிலுள்ள சிலி தேசத்தின் தலைநகர் சாந்தியாகோ. அங்கே நகரத்துச் சாக்கடை, மபோச்சோ முதலிய நீரோட்டங்களில் கலந்தது. அந்நீரைப் பாய்ச்சிக் கீரைவகைகள் விளைந்தன. அவை பச்சையாகவே சாப்பாட்டு மேஜைக்கு வந்தன. பெரும்பான்மையான வீடுகளில் நல்ல குழாய் நீர் இருந்தும் டைபாய்டு ஜுரம் வருஷந்தோறும் ஆயிரக்கணக்கானோரை வாட்டிற்று. 1991-ல் அண்டை நாடான பெருவிலிருந்து காலரா வந்துவிட்டது என்ற அச்சம் பிறந்ததும், சர்க்கார் சாக்கடை நீரில் பச்சைக் காய்கறி பயிரிடுவதை அடியோடு தடுத்தது, பயிர்களை அழித்தது. காலரா பரவாமல் நின்றதோடு, டைபாய்டும் திடீரென்று சரிந்தது. பாட்டன் காலத்திலிருந்து வந்த நோய் ஒரு வருஷத்து உறுதியால் தளர்ந்தது. நோய் வந்தபின் மருந்தைத் தேடுவதைவிட நீரைத் திருத்துவது எவ்வளவு பலமான வைத்தியம் என்பதற்கு இதைக் காட்டிலும் தெளிவான சான்று நமக்குத் தெரியவில்லை.

டைபாய்டைக் குறிப்பிட்டதற்குக் காரணமுண்டு. 1972-ல் நமது அண்டையிலுள்ள கோழிக்கோட்டில், அந்நாளில் டைபாய்டுக்குக் கைகண்ட மருந்தாயிருந்த குளோராம்பெனிகாலுக்கு அடங்காத டைபாய்டு பரவிற்று. வேறு மருந்து வந்தது; அதுவும் தளர்ந்தது. 2016-ன் இறுதியில் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்து ஹைதராபாத்தில் தோன்றிய டைபாய்டு, வாய்வழியே கொடுக்கும் மருந்துகளில் அஸித்ரோமைசின் ஒன்றைத் தவிர ஏறக்குறைய மற்ற யாவற்றையும் எதிர்த்து நின்றது. அங்கும் பழி அசுத்த நீர்மேல்தான் விழுந்தது. மருந்து பின்வாங்கிக்கொண்டே வருகிறது. சாக்கடை இருந்த இடத்திலேயே இருக்கிறது. உலகம் முழுவதும் 2019-ல் மட்டும் மருந்துக்கு அடங்காத கிருமிகளால் நேராக இறந்தவர் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்று 2022-ல் லான்செட் சஞ்சிகையில் கணக்கு வந்தது.

இப்போது நாம் எடுத்துக்கொண்ட ஜில்லாவுக்கு வருவோம். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி ஜில்லாவான கள்ளக்குறிச்சியின் மேற்கெல்லையில் கல்வராயன் மலை நிற்கிறது. அங்கே மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையும் தினையும் நெல்லும் மரவள்ளியும் பயிரிடுகிறார்கள். மலைநீர் இறங்கிக் கோமுகி அணையில் தேங்கிக் கீழ்நாட்டு வயல்களுக்குப் பாய்கிறது. மலையிலிருந்து புறப்படும்போது தெளிவாயிருக்கும் நீர், ஊர்களைக் கடக்குந்தோறும் ஊர்களின் கழிவைச் சுமக்க நேருகிறது. இது கோமுகிக்கு மட்டும் வாய்த்த விதியன்று. தமிழ்நாட்டில் ஊரை ஒட்டி ஓடும் ஆறு எதுவும் இதற்குத் தப்பவில்லை. அண்டையிலுள்ள நாமக்கல், சேலம் பிரதேசம் கோழி வளர்ப்புக்குப் பெயர்போனது. கோழி எரு விவசாயிக்கு மலிவான உரம். இதை நன்றாகக் குவித்து மக்கவைத்து, குவியலின் உட்சூடு ஏறி இறங்கியபின் போட்டால் கிருமிகளில் பெரும்பங்கு அழியும். வண்டியிலிருந்து இறங்கிய பச்சை எருவாகவே காய்கறிப் பாத்தியில் போட்டால் எல்லாம் பாத்தியிலேயே தங்கும். விவசாயிக்கு இதைச் சொல்லவேண்டிய விவசாய இலாகா சிப்பந்தி, பூச்சி மருந்தின் அளவைச் சொல்வதோடு தம் கடமை முடிந்ததென்று எண்ணுகிறார். இதை எழுதுவதில் நமக்கு மகிழ்ச்சியில்லை. ஆனால் அது உண்மை.

இதே ஜில்லாவில் 2024 ஜூன் மாதம் நடந்ததைத் தமிழுலகம் மறக்கவில்லை. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கள்ளச் சாராயமும் காய்கறியும் ஒன்றாகுமா என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். குற்றத்தின் தன்மை வேறுதான். ஆனால் சர்க்கார் விழித்த முறையைப் பாருங்கள்: பிணம் விழுந்த பிறகு விசாரணை, பிணம் விழுந்த பிறகு மாற்றல், பிணம் விழுந்த பிறகு பத்து லட்சம் ரூபாய். அடுத்த மாதமே சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து, கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையை வழக்காக எடுத்துக்கொண்டது. ஒரு மலையில் ரோடும் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் எப்படி இருக்கின்றன என்று கேட்க நீதிமன்றம் வரவேண்டியிருந்தது என்றால், நமது ஆட்சி முறையைப்பற்றி நாம் வேறு என்ன எழுதுவது? மெத்தனால் ஓர் இரவில் கொல்லும். ஆகவே அதற்குச் செய்தி உண்டு. மருந்துக்கு அடங்காத கிருமி ஒவ்வொருவராக, வெவ்வேறு ஆஸ்பத்திரியில், வெவ்வேறு மாதத்தில் கொல்லும். இறப்புச் சீட்டில் 'ஜுரம்' என்றோ 'சிறுநீரகக் கோளாறு' என்றோ எழுதப்படும். அதற்குச் செய்தி இல்லை, நிவாரணமும் இல்லை.

இவ்வளவு எழுதினால், உடனே என்ன நடக்கும் என்பதும் நமக்குத் தெரியும். நாளைக் காலை இரண்டு உத்தியோகஸ்தர்கள் பஸ் நிலையத்துக்குப் போவார்கள், வெள்ளரி விற்கும் ஒரு கிழவியின் கூடையைக் கவிழ்ப்பார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள். இதை நாம் கேட்கவில்லை. அந்தக் கிழவி குழாயைத் திருகினால் நல்ல தண்ணீர் வரும் இடம் எங்கே என்று முதலில் காட்டுங்கள். தெரு வியாபாரிகளைக் காக்க 2014-ல் பார்லிமெண்டு சட்டம் இயற்றியிருக்கிறது. அவர்களுக்கென்று இடம் ஒதுக்கவும், அவர்களும் அங்கம் வகிக்கும் குழு அமைக்கவும் அச்சட்டம் சொல்கிறது. ஒதுக்கும் இடத்தில் ஒரு குழாயும், கை கழுவ ஒரு தொட்டியும், அருகே ஒரு கக்கூசும் கட்டிக் கொடுத்த பிறகு நறுக்குகிறவர்களுக்கு விதி சொன்னால் அதில் நியாயம் உண்டு. கண்ணாடிக் கதவு போட்ட பெரிய ஹோட்டலின் சமையலறையையும் அதே கையோடு பார்த்து வரட்டும். டப்பாவின்மேல் ஒட்டிய வண்ணச் சீட்டைக் கண்டு கிருமி அஞ்சுவதில்லை.

'எங்கள் பாட்டன்மார் வயலில் பறித்த வெள்ளரியை வேட்டியில் துடைத்துத் தின்றார்கள். அவர்களுக்கு என்ன வந்தது?' என்பாரும் உண்டு. அவர்களில் எத்தனை பேர் காலராவில் போனார்கள் என்பதை அந்தக் குடும்பங்களின் கிழவிகளிடம் கேட்கலாம். அதோடு, அவர்கள் காலத்துக் கிருமிக்கு மருந்தும் தெரியாது, மருந்தை எதிர்க்கவும் தெரியாது. அந்த வித்தையைக் கற்றுக் கொடுத்தது நமது காலம்.

சர்க்காரிடம் நாம் கேட்பது அதிகமில்லை. கள்ளக்குறிச்சிக்கு அருகே சிறுவங்கூரில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட சர்க்கார் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எந்த மருத்துவக் கல்லூரியிலும் நுண்ணுயிரியல் பகுதி உண்டு. உணவுப் பகுப்பாய்வுக்குச் சேலத்தில் சர்க்கார் கூடம் இருப்பது மெய். ஆனால் பாலில் கலந்த நீரைப்போலவோ மிளகாய்ப் பொடியில் கலந்த சாயத்தைப்போலவோ கிருமி ஓரிடத்தில் நின்று காத்திருக்காது. குளிரில் வைத்து, ஒரு நாளைக்குள் சோதித்தால்தான் முடிவு முடிவாகும். ஆகவே சோதனை அருகில் நடக்கவேண்டும். மாதம் ஒருமுறை சந்தைக் காய்கறி, நறுக்கி விற்கும் பண்டங்கள், கோமுகிப் பாசன நீர், ஊர்க் குழாய் நீர் ஆகியவற்றில் மாதிரி எடுத்து, என்ன கிருமி, எந்த மருந்துக்கு அடங்குகிறது, எதற்கு அடங்கவில்லை என்று அக்கல்லூரி சோதிக்கட்டும். அதே மாதம் ஆஸ்பத்திரியில் நோயாளிகளிடம் கண்ட கிருமிகளின் விவரத்தையும் அதன் பக்கத்தில் வைக்கட்டும். கடைக்காரர் பெயர் வேண்டாம். தண்டனைக்காக இதை நாம் கேட்கவில்லை. ஆனால் முடிவு கலெக்டர் கச்சேரி அலமாரியில் உறங்காமல், தமிழில், முனிசிபாலிடி வாசலில் ஒட்டப்படவேண்டும். மருந்துக்கடைப் புத்தகங்களைச் சோதித்த விவரமும் அதோடு சேரவேண்டும். கேரளம் 2018-லேயே இவ்விஷயத்திற்கு மாகாண அளவில் தனித் திட்டம் வகுத்த முதல் மாகாணமாயிற்று. அண்டை வீட்டார் செய்ததைப் பார்த்துச் செய்வதில் நமக்கு வெட்கம் வேண்டியதில்லை.

மலைவாசிகளைப்பற்றி ஒரு வார்த்தை. அரைகுறை அளவில் மருந்து சாப்பிடுகிறவன் கிருமியைக் கொல்லாமல் அதற்குப் பயிற்சி கொடுக்கிறான் என்று பெனிசிலினைக் கண்ட பிளெமிங் 1945-ல் நோபல் பரிசு பெற்றபோதே எச்சரித்தார். ஆனால் ஐந்து நாள் மருந்துக்குப் பதில் இரண்டு நாள் மாத்திரை வாங்குகிறவன் அறியாமையால் மட்டும் அப்படி வாங்குவதில்லை. மடியில் இருக்கும் காசு அவ்வளவுதான். மலையேறி வைத்தியர் போகாத இடத்துக்கு மாத்திரை அட்டை போய்விடுகிறது. அங்குள்ள ஏழைக்கு முழு மருந்தும் இலவசமாக, வைத்தியர் கையால் கிடைக்கும்படி செய்யாமல், 'மருந்தை முழுதும் சாப்பிடு' என்று சுவரில் எழுதி வைப்பது ஏளனம்.

பொதுஜன ஊழியர்களுக்கு நாம் சொல்வது இது. கூட்டம் போடவும் ஊர்வலம் விடவும் நீங்கள் அறிவீர்கள். அடுத்த கிராம சபையில் எழுந்து மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நமது ஊர்ச் சாக்கடை எந்த வாய்க்காலில் விழுகிறது? அந்த வாய்க்காலின் கீழே எந்தக் காய்கறி விளைகிறது? குடிநீர்த் தொட்டியில் கடைசியாகக் குளோரின் இட்ட தேதி என்ன? விடைகளைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். விடை தெரியாது என்றால் அதையும், அப்படிச் சொன்னவருடைய பதவியோடும் தேதியோடும், எழுதச் சொல்லுங்கள்.